அளவு நாள்

ஓபர்ஃப்ளூ, ஜூன் 9

அன்புள்ள லதீனா அக்காவுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால், மணி ஒன்றரை ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள். அன்னெட்டாவுக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் கண்ணை மூடினாள். எட்டு மாதம் முடிந்தும் இன்னும் தவழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் கவலைப்படவில்லை, சும்மா சொல்கிறேன்.

மலைமேல் நீ சுகமாக இருக்கிறாயா? நாற்பது மாட்டுக்கும் பாலாடைக்கட்டிக் கொப்பரைக்கும் இரண்டே பேர் என்று நீ சொன்னபோதே எனக்கு முதுகு வலித்தது. போன் எடுக்காத இடம், வெள்ளிக்கிழமை ஜீப்பில்தான் தபால் ஏறும் என்பதால் எல்லாவற்றையும் இதிலேயே கொட்டிவிடுகிறேன்.

ஊராட்சி அலுவலகத்தில் எனக்குச் செயலர் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் முடிய தற்காலிகம். மூன்றாம் நாளே தலைவர் ஷூலர் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். யானிக் என்று ஒரு இளைஞன், ட்சூக் பக்கம் ஏதோ நாணய நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், ஊரில் கையெழுத்து வாங்கி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறான். நீச்சல் குளத்து நுழைவுச் சீட்டு, குப்பைப் பை, நூலகக் கட்டணம் எல்லாவற்றையும் ஃபிராங்கில் மட்டுமல்லாமல் பிட்காயினிலும் கட்டலாம் என்பது தீர்மானம். செப்டம்பர் 12 ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வீடு போகும் வாக்குக் கையேட்டில், பிட்காயின் என்றால் என்ன என்று நான் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

ஷூலர் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "ஆமான்னு கை தூக்கினாலும் சரி, இல்லேன்னாலும் சரி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா 'புரியல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னா நான் வேற ஆள் பாக்கணும். பாத்து எழுதுங்க."

போன வருஷம் சாக்கடைத் தீர்மானம் அப்படித்தான் திரும்பி வந்ததாம். முன்பிருந்த செயலர் கிறிஸ்துமஸுக்குள் போய்விட்டார். இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது, அக்கா. கடையில் இன்னும் நான் "உர்பானோட பொண்டாட்டி"தான். இந்த நாற்காலி நிரந்தரமாகக் கிடைத்தால் எனக்கென்று ஒரு பெயர் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு படுக்காதே.

உன் தங்கை,
செராய்னா

ஆல்ப் சுர்காஷ், ஜூன் 20

அடி செராய்னா,

சுகமாக இருக்கிறேன், தின்று கொழுக்கிறேன். உன் கடிதம் ஜீப்பில் உப்புக் கட்டிகளுக்கு நடுவே நசுங்கி வந்தது. ஈரக் காலுறை பற்றிய வரி மட்டும் பத்திரமாக இருந்தது.

அன்னெட்டா தவழாவிட்டால் என்ன? நீயே பதினான்கு மாதம்வரை பின்பக்கத்தால் நகர்ந்தவள்தான். அம்மா உன் கால்சட்டைக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்தாள். இப்போது ஊராட்சியில் நாற்காலி கிடைத்துவிட்டது. உட்கார்ந்த பழக்கம் வீண்போகவில்லை.

இங்கே காலை நான்கு மணிக்கு மாடுகளைக் கொண்டுவர வேண்டும். அந்த வேலை ஃப்ளூரினுடையது. தாவோஸ் பக்கத்துக்காரன். வாய் பேசமாட்டான், மாடுகளோடு மட்டும் பேசுவான். முதல் வாரம் முழுக்க என்னிடம் பேசியது "உப்பு எங்க?" மட்டும்தான்.

பிட்காயின் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சூரிச்சில் நான் வேலை செய்த கடையில் ஒருவன் தினமும் போனைப் பார்த்துச் சிரிப்பான், மறுநாள் அதே போனைப் பார்த்து அழுவான். நீ எழுதி அனுப்பு. மலைமேல் இருப்பவளுக்குப் புரிந்தால் கீழே எல்லோருக்கும் புரியும். ஒன்று கேட்கிறேன்: நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போகிறாய்?

உர்பானுக்கு என் விசாரிப்பு. குட்டிக்கு முத்தம்.

லதீனா

ஓபர்ஃப்ளூ, ஜூன் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்து மனம் ஆறியது. இரட்டைத் துணிக் கதையை உர்பானிடம் வாசித்துக் காட்டினேன். அதிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. எல்லோரும் நலம். பல் வெளியே வந்துவிட்டது, ஒன்றே ஒன்று, அரிசி போல.

வரைவு எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். நான்கு நாள் படித்து எழுதியது. கல்லூரியில் பொருளாதாரம் படித்த திமிர் அதில் தெரியும். "பரவலாக்கப்பட்ட மறைகுறியீட்டுப் பேரேடு" என்று தொடங்குகிறது. எழுதி முடித்த இரவு பெருமையாகக்கூட இருந்தது.

அதை நீச்சல் குளத்தில் சீட்டு கொடுக்கும் ஆக்னெஸிடம் கொடுத்தேன். தீர்மானம் நிறைவேறினால் அந்தக் காசை வாங்கப்போகிறவர் அவர்தான். ஐஸ்கிரீம் பெட்டிமேல் காகிதத்தை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசிவரை படித்தார். பிறகு மடித்து என் கையில் கொடுத்தார்.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. எதைப் பத்தி?"

நான் வாயால் விளக்கினேன். வங்கி கிடையாது, அரசு அச்சடிப்பது கிடையாது, கணினிகள் சேர்ந்து கணக்கு வைத்துக்கொள்ளும் என்றேன். அப்படியானால் அந்தக் காசு எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். ஆக்னெஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வெயிலில் நிற்கவேண்டாம் என்று ஒரு ஐஸ்கிரீம் கொடுத்து, காசும் வாங்க மறுத்துவிட்டார்.

உர்பானிடம் புலம்பினேன். பலகை இழைக்கும் பட்டறையிலிருந்து வந்த மனிதர், தலையில் மரத்தூளோடு, "அவங்களுக்குத் தெரிஞ்ச எதையாவது காட்டி சொல்லேன்" என்றார். அவர்களுக்குத் தெரிந்தது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுதானே என் சங்கடமே.

கையேடு ஆகஸ்ட் 13 அச்சுக்குப் போகிறது. நீ படித்துவிட்டு மறைக்காமல் சொல்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டாய். செயலர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. கையேட்டில் ஆதரவுக்குப் பதினோரு வரி, எதிர்ப்புக்குப் பதினோரு வரி. அளவுகோல் வைத்து எண்ணுகிறேன்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

செராய்னா

ஆல்ப் சுர்காஷ், ஜூலை 11

செராய்னா கண்ணே,

சட்டை பொருந்துகிறது. ஃப்ளூரினுக்கும் பொருந்துகிறது; மழையில் நனைந்து வந்தான், ஒருநாள் கொடுத்தேன்.

உன் வரைவைப் பாலாடைக்கட்டி கிளறும் நேரத்தில் சத்தமாக வாசித்தேன். இரண்டாம் பத்தியில் ஃப்ளூரின் எழுந்து வெளியே போனான். கோபமோ என்று பார்த்தால், பன்றிகள் சத்தம் போடுகின்றன என்று போனானாம். திரும்பி வந்து, "பன்னிங்களுக்கும் புரியல போல" என்றான். இத்தனை வாரத்தில் அவன் அடித்த முதல் ஜோக், உன் புண்ணியம்.

எனக்கும் புரியவில்லை, தங்கையே. மறைக்காமல் சொல்லச் சொன்னாய்.

வேறு செய்தி: செவ்வாய்க்கிழமை இங்கே அளவு நாள். இந்த நாற்பது மாட்டுக்கும் சொந்தக்காரரான மாட்டுக்காரர் பதினொரு பேரும் விடியுமுன் ஏறி வந்தார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஒவ்வொரு மாட்டையும் கறந்து, எல்லோர் கண்முன்னும் தராசில் வைத்து, எடையை உரக்கச் சொல்வார்கள். பதினொரு பேரும் அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இலையுதிர்காலத்தில் பாலாடைக்கட்டியை இந்த எண்ணை வைத்துத்தான் பங்கு பிரிப்போம். முடிவில் பதினொரு நோட்டையும் வரிசையாக வாசித்து ஒத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய நோட்டில் ஒரு மாட்டுக்கு ஒன்பது கிலோ, மற்ற பத்து நோட்டிலும் ஆறு. மனிதர் முகம் சிவந்து, ஒன்பதும் ஆறும் தன் கையெழுத்தில் ஒன்றுபோல் இருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேனாவை வாங்கி ஆறாகத் திருத்தினார். அப்புறம் வெளியே மேசை போட்டு, தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும், மதியம்வரை பாட்டு. ஃப்ளூரினுக்குப் பாட வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

எந்தப் பக்கம் கை தூக்குகிறாய் என்பதற்கு அளவுகோலைக் காட்டாதே. செயலரைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டேன்.

குட்டி தவழ்கிறாளா? தவழாவிட்டாலும் முத்தம்.

லதீனா

ஓபர்ஃப்ளூ, ஜூலை 16

என் தங்க அக்கா,

நலம், நலம், எல்லோரும் நலம். உன்னையும் கேட்டதாக எடுத்துக்கொள், அவசரத்தில் இருக்கிறேன்.

உன் கடிதத்தை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே மூன்றுமுறை படித்தேன். பிட்காயின் என்னவென்று நீ எனக்கு எழுதிவிட்டாய், உனக்கே தெரியாமல். பதினொரு நோட்டு! நேற்று உட்கார்ந்து பழையதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"மலை மேய்ச்சலில் அளவு நாளன்று மாட்டுக்காரர் எல்லோரும் கூடி, பாலைப் பொதுவில் அளந்து, அவரவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கணக்கு ஒருவர் கையில் இல்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது. பிட்காயினும் அப்படி ஒரு கணக்குதான். நோட்டுகளுக்குப் பதில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள். பாலுக்குப் பதில், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற விவரம். ஒருவர் தன் நோட்டை மட்டும் மாற்றினால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது, அது செல்லாது. ஆகவே கணக்கு வைக்க வங்கி தேவையில்லை; யாரையும் நம்பவும் தேவையில்லை. இதன் மதிப்பை எந்த அரசும் உறுதிசெய்வதில்லை. வாங்குபவர் அதிகமானால் ஏறும், குறைந்தால் இறங்கும், சில நாள் வேகமாக. இந்தக் கணக்கில் உங்கள் பங்கைச் செலவழிக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி தொலைந்தால் பங்கும் தொலைந்தது."

எப்படி இருக்கிறது? உர்பான் படித்துவிட்டு, "அட, இவ்வளவுதானா?" என்றார். நான்கு வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை.

ஒரே பயம்: அளவு நாளைப் பற்றி நான் எழுதியதில் ஏதும் தவறு இருந்தால் இங்குள்ள விவசாயிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் நீ பார்த்துச் சொன்னால்தான் நிம்மதி. அடுத்த வெள்ளிக்கே எழுது.

செராய்னா

ஓபர்ஃப்ளூ, ஜூலை 30

அன்புள்ள அக்கா,

சுகமா? உண்மையாகவே கேட்கிறேன், சுகமா? இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உர்பான் சொல்கிறார், மழையில் சாலை சரிந்திருக்கும், ஜீப் ஏறியிருக்காது என்று. நான் வானிலை அறிக்கையைப் பார்த்தேன். உங்கள் பக்கம் வெயில்.

மனதை மாற்ற எழுதுகிறேன். ஆக்னெஸ் புதிய பக்கத்தைப் படித்தார். தலையை ஆட்டினார். "இது நம்ம மலையிலயும் உண்டே. எங்க அண்ணன் வருஷா வருஷம் ஏறிப்போய் எழுதிட்டு வருவார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. நான்கு வருஷமாக அந்த மலையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம் ஆக்னெஸே பின்னால் நின்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். நீச்சலுடையில் ஆறு பேர், சொட்டச் சொட்ட, பிட்காயின் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். சீட்டு கொடுக்கும் வேலை நின்றுபோனது.

ஒரு வரி போதும், அக்கா. "இருக்கிறேன்" என்று மட்டும் எழுது.

செராய்னா

ஆல்ப் சுர்காஷ், ஆகஸ்ட் 3

அன்பான செராய்னா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல ஃப்ளூரின் எழுதுகிறான். என் கைக்கு வேறு வேலை இருக்கிறது. (வேறு வேலை எதுவும் இல்லை. கொப்பரையில் கை சுட்டுக்கொண்டு கட்டுப் போட்டிருக்கிறது. எழுதக்கூடாது என்றாள், எழுதிவிட்டேன். ஆறிக்கொண்டு வருகிறது. பயம் வேண்டாம். ஃப்ளூரின்.)

இவன் என்ன கிறுக்குகிறான் என்று தெரியவில்லை, நீ கண்டுகொள்ளாதே. உன் பக்கம் நன்றாக இருக்கிறது. அளவு நாள் பற்றி எழுதியது அத்தனையும் சரி. ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குச் சம்மதமில்லை. "யாரையும் நம்பத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. மாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் நம்பாததால் ஏறி வரவில்லை. சேர்ந்து எழுதினால் பின்னால் மனஸ்தாபம் வராது, அவ்வளவுதான். அந்த வரியைப் படித்தால் உன் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். எங்களுக்கே வந்தது.

(நான் பரவாயில்லை என்றேன். அவளுக்குத்தான் வந்தது.)

கட்டி இப்போது இவன்தான் கிளறுகிறான். முதல் இரண்டு நாள் செய்தது பன்றிகளுக்குப் போனது. இப்போது தேறிவிட்டான். நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம். அன்னெட்டாவுக்கு முத்தம்.

லதீனா

(என் விசாரிப்பும். கம்பளிச் சட்டைக்கு நன்றி.)

ஓபர்ஃப்ளூ, ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

கையை நனைக்காதே. மருந்து எண்ணெயும் துணிக்கட்டும் தனிப் பொட்டலமாக வருகிறது. மறைத்ததற்காகக் கோபப்பட நினைத்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டதால் முடியவில்லை. வேறெதையும் நான் கேட்கவில்லை, பார்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். "கணக்கு வைக்க வங்கி தேவையில்லை" என்பதோடு நிறுத்திவிட்டேன். கையேடு அச்சாகி வீட்டுக்கு வீடு போய்விட்டது. பிட்காயின் இருபத்திரண்டாம் பக்கம்.

யானிக் அலுவலகத்துக்கு வந்தான். எதிர்ப்பாளர் வாதம் தன்னுடையதைவிட நீளம் என்றான். அளவுகோலை எடுத்துக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் எதிர்ப்பாளர் ஒருவர் போன் செய்து, யானிக்கின் வாதம் நீளம் என்றார். இரண்டு பேருமே குறை சொன்னால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்று ஷூலர் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனாலும் எனக்குத் தூக்கம் இல்லை. மைன்ராட் க்வெர்டர் என்று ஒரு விவசாயி. சாக்கடைத் தீர்மானத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னது அவர்தான். கடையில் என்னைப் பார்த்து, "இருபத்திரண்டாம் பக்கம் படிச்சேன்" என்றார். நான் காத்திருந்தேன். "கூட்டத்துல பேசிக்கலாம்" என்று வெண்ணெயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து நான் சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை.

நல்ல செய்தி: அன்னெட்டா தவழ்கிறாள். பின்பக்கமாக. எதை எடுக்கப் போனாலும் அதைவிட்டு விலகிப்போய் அழுகிறாள்.

செராய்னா

ஆல்ப் சுர்காஷ், ஆகஸ்ட் 29

செராய்னா,

என் கையாலேயே எழுதுகிறேன், பார்த்துக்கொள். நலம். எண்ணெய் நல்ல வாசனை. நேற்று இரவு பனி விழுந்தது, ஆகஸ்டில். விடிகாலையில் நாங்கள் இரண்டு பேரும் கன்றுகளைத் தேடிப் போனோம். எல்லாம் பாறை மறைவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. திரும்பி வந்து காபி போட்டோம். பனியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. இன்று கட்டி தாமதம்.

மைன்ராட் என்ன சொல்வார் என்று இப்போதே யோசித்து மெலியாதே. நீ எழுதியது எங்களுக்குப் புரிந்தது. பன்றிகளும் அமைதியாகக் கேட்டன.

செப்டம்பர் இருபதாம் தேதி மாடுகள் இறங்குகின்றன. மறுநாள் உன் வீட்டுக்கு வருவேன்.

கூட்டத்தில் நீ எந்தப் பக்கம் கை தூக்கினாய் என்பது மட்டும் எனக்கு வேண்டும். மூன்றாம் முறை கேட்கிறேன்.

லதீனா

ஓபர்ஃப்ளூ, செப்டம்பர் 13

என் அருமை அக்கா,

சுகமாக இருக்கிறாயா? கை முழுக்க ஆறிவிட்டதா? இப்போது காலை ஆறு மணி. நான் தூங்கவே இல்லை, ஆனால் இது வேறு மாதிரித் தூங்காமை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நூற்று நாற்பத்து நான்கு பேர். சாக்கடைக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லையாம். நான் மேடையில் ஷூலருக்குப் பக்கத்தில், நடவடிக்கைக் குறிப்பு எழுத. நான்காவது தீர்மானம் நடக்கும்போது உர்பான் குழந்தையோடு உள்ளே வந்தார். வீட்டில் அழுது நீலம் பாய்ந்துவிட்டாளாம். ஷூலர் தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் விட்டார். அதிலிருந்து இடது கையில் அன்னெட்டா, வலது கையில் பேனா.

ஐந்தாவது பிட்காயின். யானிக் சுருக்கமாகவே பேசினான். பிறகு மைன்ராட் எழுந்தார். கையேட்டை விரித்துப் பிடித்தார்.

"இருபத்திரண்டாம் பக்கத்துல ஒரு குறை இருக்கு."

திருப்பி அனுப்பப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் ஒரு மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1987இல் அவருக்கு பிளெஸ் என்று ஒரு மாடு இருந்ததாம். மந்தையிலேயே அதிகம் கறப்பது. அளவு நாளன்று அதற்குக் காய்ச்சல். பாதிதான் கறந்தது. அந்தப் பாதியை இந்த ஊர் மாட்டுக்காரர் ஒன்பது பேரும் ஒன்பது நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு நோட்டிலும் தவறு இல்லை.

"ஒம்போது நோட்டுலயும் ஒரே எண்ணு. ஒத்துப்போச்சு. ஒத்துப்போச்சுன்னா சரின்னு ஆயிடுமா? இலையுதிர்காலத்துல பங்கு பிரிக்கிறப்போ, பிளெஸ் எவ்வளவு கறக்கும்னு எங்களுக்குத் தெரியாதான்னு மத்த எட்டுப் பேரும் சேந்து ரெண்டு பாலாடைக்கட்டி அதிகமா வெச்சாங்க. நோட்டுல இல்லாத ரெண்டு கட்டி. இந்தக் காசுல தப்பா அனுப்பிட்டா, அந்த ரெண்டு கட்டிய யார் வெப்பாங்க? அதை இவங்க எழுதல."

ஷூலர் யானிக்கைப் பார்த்தார். பையனைப் பாராட்ட வேண்டும், மழுப்பவில்லை. யாரும் வைக்கமாட்டார்கள், அனுப்பியது அனுப்பியதுதான், பெற்றுக்கொண்டவர் தாமாகத் திருப்பிக் கொடுத்தால் உண்டு என்றான். அப்படியானால் ஏழு ஃபிராங்குக்குப் பதில் எழுபது அனுப்பிவிட்டு வந்து நிற்பவருக்கு நான் என்ன சொல்வது என்று ஆக்னெஸ் கேட்டார். பின்வரிசையில் ஒருவர், சாவியைத் தொலைப்பவன் வீட்டுச் சாவியையும்தான் தொலைக்கிறான், அதற்காக வீட்டைப் பூட்டாமல் இருக்கிறோமா என்றார். இன்னொருவர், வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரன் வருவான், இதற்கு யார் வருவான் என்றார். யாரும் ஒரு தடவைகூட "அது என்ன" என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தைத் தட்டிக்காட்டிப் பேசினார்கள். நாற்பது நிமிடம். எழுதி எழுதி என் விரல் மரத்துப்போனது. அவ்வளவு ஆனந்தமாக நான் எதையும் எழுதியதில்லை.

முடிவில் மைன்ராட்டே ஒரு திருத்தம் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மட்டும், இருபது ஃபிராங்க் வரைக்கும் வாங்கலாம். யாராவது தவறி அதிகம் அனுப்பிவிட்டால் ஊராட்சியே ஃபிராங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு கட்டியை ஊர் வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. யானிக் ஒத்துக்கொண்டான்.

ஷூலர் கேட்டார்: "புரியல, திருப்பி அனுப்பணும்னு யாராவது?"

நான் தலையைத் தூக்கவில்லை. குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவ்வளவுதான். ஒருவரும் எழவில்லை.

திருத்தத்தோடு தீர்மானத்துக்கு ஆதரவாக எண்பத்தொன்று, எதிராக ஐம்பத்தெட்டு. கை தூக்காதவர் ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒருத்தி நான். என் இரண்டு கையும் வேலையாக இருந்தது என்று உன்னிடம் சொல்லலாம். உண்மை என்னவென்றால், ஒரு கை காலியாக இருந்திருந்தாலும் எதற்குத் தூக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. யானிக் பேசும்போது ஆமாம் என்று தோன்றியது. பிளெஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்தபோது இல்லை என்று தோன்றியது. இத்தனை நாள் உனக்குப் பதில் சொல்லாமல் இருந்ததற்கு அளவுகோல் காரணமில்லை.

கதை இன்னும் முடியவில்லை. ஊராட்சியின் நாணயங்களுக்கு மூன்று சாவி இருக்கும், மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும்தான் திறக்கும் என்று யானிக் விளக்கினான். யார் யாரிடம் என்ற கேள்வி வந்தது. முதல் சாவி தலைவரிடம். இரண்டாவதை, குறை கண்டுபிடித்த ஆள் வைத்துக்கொள்ளட்டும் என்று மைன்ராட் தலையில் கட்டினார்கள். மூன்றாவதற்கு யானிக் பெயரை ஒருவர் சொன்னார். மைன்ராட் மறுபடி எழுந்தார்.

"அவன் நாளைக்கு ட்சூக்குக்கே குடி போயிடுவான். அந்தச் செயலர் அம்மாகிட்ட குடுங்க. நம்ம மலையில நடக்கறத நமக்கே எழுதிக் காட்டினவங்க."

அவர் தற்காலிகம்தானே என்று யாரோ சொன்னார்கள். ஷூலர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒலிபெருக்கியில், அத்தனை பேருக்கும் கேட்க, "திங்கக்கிழமை வரைக்கும்தான் தற்காலிகம்" என்றார். பிறகு, ஆதரிப்பவர் கை தூக்கலாம் என்றார். அக்கா, எண்ணவே இல்லை. எண்ணத் தேவைப்படவில்லை. ஆக்னெஸ் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.

அதையும் நான்தான் குறிப்பில் எழுத வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். "மூன்றாவது சாவி:" என்று எழுதி, என் பெயரை எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயர் போட வேண்டிய இடத்தில் ஓபர்ஃப்ளூ என்று எழுதினேன். இந்தக் கூட்டத்தில் நூறுமுறை எழுதிய சொல். இந்த முறை அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மைன்ராட், வரும் ஜூலையில் அளவு நாளுக்கு மேலே வாருங்கள், தூரத்திலிருந்து எழுதினால் காய்ச்சல் மாடெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

இருபத்தோராம் தேதி வேலை கிடைத்ததற்கு விருந்து. கபுன்ஸ் செய்கிறேன், அம்மா செய்வதுபோல மாவைக் கீரை இலையில் சுருட்டி, நிறையப் பாலேட்டோடு. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பசி அதிகம் இருக்கும், அதனால் எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எண்ணை மட்டும் எழுது, வேறெதுவும் நான் கேட்கவில்லை.

எல்லோருக்கும் அன்பு. சீக்கிரம் பதில் போடு.

செராய்னா